பெரியவரைப் படுக்கவைத்த கடவாக்கா

கடைவாய்ப் பல் என்றால் அது அவளிடம்தான் போகும். பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். பல் செய்யும் பட்டறையில் இருக்கும் பன்னிரண்டு பேர் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, விழுந்த பல்லுக்கும் தேய்ந்த பல்லுக்கும் பதிலாகப் புதுப் பல் வரைவார்கள். கீழ்த் தளத்து இயந்திரம் வெள்ளை வில்லையிலிருந்து அதைக் கடைந்து எடுக்கும். முன்பல்லுக்கென்று பெயரெடுத்த ஒருவர் அங்கே இருந்தார். அவரை முன்பல்காரர் என்றே கூப்பிட்டார்கள். சிரித்தாலும் வெளியே தெரியாத, ஆயுள் முழுக்க அரைத்தே தீரவேண்டிய பின்பற்களுக்கு இவள். முதலில் ‘கடவாப்பல்லு அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அவசரத்தில் நடுவிலிருந்த பல்லு விழுந்து, கடவாக்கா ஆகிவிட்டாள்.

அவளுக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. இந்த வேலைக்கு வருமுன் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். வைத்தியர் துளை போடும்போது பக்கத்தில் குனிந்து நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளியின் வாயில் பிடித்துக்கொண்டிருப்பது அவள் வேலை. வருஷக்கணக்கில் அப்படிக் குனிந்ததில் இடுப்பு கோபித்துக்கொண்டது. உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று வேண்டும் என்று தேடி, இதைப் படித்து, இங்கே வந்து சேர்ந்தாள்.

குரல் இல்லாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. இருந்தது, வெளியேதான் வராது. பழைய மருத்துவமனையில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. துளைக்கிற சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது, எல்லாம் கண்ஜாடைதான். பட்டறையில் அப்படியில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் இரண்டாவது சொல்லிலேயே வேறு யாராவது குறுக்கே ஏறிவிடுவார்கள். அவள் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடிக்குக் கேட்கும்படி கத்திப் பழகியவர். “நீ பேசறது உனக்காவது கேக்குதா?” என்பார். அவள் ஏதோ பதில் சொல்வாள். அதுவும் அவருக்குக் கேட்காது.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் முழுசாக மூடமாட்டாள். அலமாரிக் கதவு ஒருக்களித்திருக்கும், மேசை டிராயர் ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். தாடையைக் குறுக்கே அறுத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் திறப்பாள். பார்த்து முடித்ததும் அதை மூடமாட்டாள். மூடினால் ‘சேமிக்கவா, வேண்டாமா, நிச்சயமாகவா’ என்று அது கேள்விமேல் கேள்வி கேட்கும். அந்தத் தொல்லைக்கு, ஜன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்துத் தள்ளித் தள்ளி, ஒரு கோடாகச் சுருக்கி ஸ்க்ரீனின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிடுவாள். வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம் அல்லவா?

முன்பெல்லாம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும். பிறகு மேனேஜர் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு பெரிய இயந்திரத்தை வாங்கி, நடைவழியின் கோடியில் இருந்த குளிர் அறையில் வைத்தார். மேசைமேல் ஸ்க்ரீனும் கையடக்கப் பெட்டியும் மட்டும் மிஞ்சின. பெரிய இயந்திரத்துக்குள் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு பேருக்கும் பல்லைச் சுழற்றிக் காட்டுவது அதுதான். மாதத்தில் சில நாள் வந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஆள் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டம்காரர். இயந்திரம் வந்த அன்றே அவர் விளக்கிச் சொன்னார்.

“ஒரே அடுப்பு, பன்னெண்டு பேர் சமைக்கிறாங்கன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொருத்தருக்கும் இது தன்னோட அடுப்புன்னுதான் நெனப்பு. நடுவுல ஒரு சாஃப்ட்வேர் நின்னுக்கிட்டு, கேக்கறவங்களுக்கெல்லாம் தீயைப் பங்கு போட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கும். யாரும் யார் சட்டியையும் எட்டிப் பாக்க முடியாது.”

“அந்த நடுவுல நிக்கிறது மயக்கம் போட்டு விழுந்தா?” என்று கேட்டார் முன்பல்காரர்.

“அதெல்லாம் விழாது சார்.”

இயந்திரத்துக்குப் பெரியவர் என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்துக்குள் அது நிலைத்துவிட்டது. அந்த வாரமே பெரியவர் படுத்தும்விட்டார்.

பன்னிரண்டு ஸ்க்ரீனும் கண்மூடித் திறப்பதற்குள் உறைந்தன. யாரோ பாதி சுழற்றிய தாடை வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றது. நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ‘எனக்குப் போச்சு’, ‘எனக்கும் போச்சு’ என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே டீ போடப் போனார்கள். மேனேஜர் ஒரு காதில் போனுடன் வந்து நின்றார். அவர் கெட்ட மனிதரில்லை; மருத்துவமனைகளுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். சிஸ்டம்காரரை வரவழைத்து, பெரியவரை எழுப்பி உட்காரவைக்க வெகுநேரம் ஆனது. ஏ.சி. போதவில்லை என்றார் அவர். அடுத்த தடவை மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றார். அதற்கும் அடுத்த தடவை ஒன்றும் சொல்லாமல் தலையைச் சொறிந்தார்.

பிறகு ஒருநாள் கடவாக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் மொதல்ல விழறது உங்க ஸ்க்ரீன்தான். ஒரு நொடி கழிச்சுத்தான் மத்தவங்களுது போகுது. நீங்க ஏதாவது பண்றீங்களா?”

“பல்லு வரையறேன் தம்பி.”

“என்ன சொன்னீங்க?”

“பல்லு வரையறேன்.”

மேனேஜருக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. அவளை ஜன்னலோர மேசையிலிருந்து எழுப்பி, கழிவறைக்குப் பக்கத்து மேசையில் உட்காரவைத்தார். பெட்டியை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். பெரியவர் அங்கிருந்தும் படுத்தார். “அக்கா, உங்களுக்கும் பெரியவருக்கும் ஜாதகம் பொருந்தலே,” என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போதுதான் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம்கூட இல்லை, அன்றைக்கு முட்டைக்கோஸ்.

புருஷன் கதையைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “எங்க லிஃப்ட்ல ஒரு ஆள் கூட ஏறினா மணி அடிக்கும், நகராது. ‘எறங்கு’ன்னு சொல்லும். அதுக்காக கயிறு அறுந்து விழாது. ஒருத்தி பல்லு வரைஞ்சதுக்கு பன்னெண்டு பேருக்கும் கயிறு அறுந்து விழுதுன்னா தப்பு உம்மேல இல்லம்மா, லிஃப்ட் மேல.”

அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே யோசிக்கவும் வைத்தது. ஏறின ஆள் நான் என்றால், எந்தக் காலை வைத்து ஏறினேன்?

அதற்கப்புறம் அவள் தன் கையையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பல்லைத் திருப்பினால் ஒன்றும் ஆகவில்லை. ஈறைக் கண்ணாடிபோல் ஆக்கினால் ஒன்றும் ஆகவில்லை. சாய்ந்து முளைத்த கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வந்தது. அதற்கு ஈறைக் கண்ணாடியாக்கி, குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தாள். வழக்கம்போல ஜன்னலின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினாள். அது ஒடுங்கி, ஒடுங்கி, கோடாகி, கோடும் இல்லாமல் போன அந்தக் கணம் ஸ்க்ரீன் உறைந்தது. பின்னாலிருந்து ‘எனக்குப் போச்சு’ என்றது ஒரு குரல்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, யாரும் எதையும் திறந்துவைக்கவில்லை என்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்துவிட்டு வந்து, இன்னொரு முறை செய்தாள். பெரியவர் படுத்தார். சந்தேகமே இல்லை.

உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் மேனேஜர் அறைக்குப் போனாள். “சார், பெரியவர் ஏன் படுக்கிறார்னு...” என்று ஆரம்பித்தாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு கையை உயர்த்தினார். “அப்புறம்மா, அப்புறம்.” அவள் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, “இன்னும் இருக்கீங்களா? வெளியே போறப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நாளையிலேர்ந்து இந்த வாரம் முழுக்க எட்டு மணி வரைக்கும் வேலை,” என்றார்.

அவள் வெளியே வந்து சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் மேனேஜரே வந்து சொன்னார். பெரியவரை அன்று சாயங்காலம் சிஸ்டம்காரர் வந்து எழுப்பிவிட்டுப் போனார்.

அவளுக்கு அடுத்த மேசையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள். எட்டு மணி என்றதும் அந்தப் பெண்ணின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போய் யாரிடமோ கெஞ்சினாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். மறுநாள் சாயங்காலமும் அதையேதான் செய்தாள், மணி ஐந்தரை ஆகியிருந்தது.

கடவாக்கா தன் ஸ்க்ரீனைப் பார்த்தாள். அறுத்துப் பார்க்கும் ஜன்னல் திறந்துதான் இருந்தது. “எல்லாரும் ஒரு தடவை சேவ் பண்ணிக்கங்க,” என்று தனக்குத் தெரிந்த பெரிய குரலில் சொன்னாள். யாரும் திரும்பவில்லை. அவள் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்தாள்.

சிஸ்டம்காரர் அன்று வேறு ஊரில் இருந்தார். பெரியவர் எழ வழியில்லை. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். கைக்குழந்தைக்காரி பையை மாட்டிக்கொண்டு படியில் ஓடிய வேகத்தைப் பார்க்கவேண்டுமே! கடவாக்கா பின்னாலேயே மெதுவாக இறங்கினாள். உள்ளுக்குள் ஏதோ கதகதவென்று இருந்தது. வாயைத் திறந்து ஒரு பேனாவைக்கூட யாரிடமும் கேட்டு வாங்கத் தெரியாதவள் அவள். சுண்டுவிரல் நகர்த்திப் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த வாரம் இன்னொரு தடவை செய்தாள். முன்பல்காரருக்கு ஜுரம், முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார், போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவருக்காகத்தான் செய்தோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தடவை யாருக்காகவும் இல்லை. மேனேஜர் கூட்டத்தில் அவள் பேச்சை மறுபடி வெட்டிவிட்டுப் போனார். மத்தியானம் பெரியவர் படுத்தார். அன்று சேவ் பண்ணிக்கொள்ளச் சொல்லவும் அவள் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் எழுந்து போன பிறகும் முன்பல்காரர் மட்டும் உறைந்த ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார், போகலையா?” என்று கேட்டாள் கடவாக்கா.

“காலையிலேர்ந்து பண்ணது.” அவர் சத்தம் போடவில்லை. “சேவ் பண்ணினா அரை நிமிஷம் நின்னு போகுது, கை விட்டுப்போகுதுன்னு பண்ணாம விட்டேன். மேல்வரிசை ஆறு பல்லு. அந்தம்மாவோட பழைய போட்டோவை வெச்சுக்கிட்டு, ஒரு பல்லு லேசா திரும்பியிருந்தது, அதைக்கூட அப்படியே...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். “சரி, நாளைக்கு மறுபடி பண்ணவேண்டியதுதான்.”

நாளைக்கு என்றால் அது ஒரு நாள் தாமதம் என்று கடவாக்காவுக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது. போன் அடித்தது. மேனேஜர் இல்லை, பக்கத்தில் இருந்தது அவள்தான், எடுத்தாள். மருத்துவமனையிலிருந்து. பேஷண்ட் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பல் எங்கே என்று கேட்டார்கள். “இன்னிக்கு வராதுங்க,” என்றாள். அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்: “பரவால்ல, இன்னொரு நாள் வரேன்.” முன்பல் இல்லாத வாயில் சொற்கள் பாதி காற்றாக வந்தன. பேசும்போது அந்தப் பெண் உள்ளங்கையால் வாயை மறைத்திருக்கிறாள் என்பது கடவாக்காவுக்குக் கேட்டே தெரிந்தது. எத்தனை பேரை அந்த நாற்காலியில் அப்படிப் பார்த்திருக்கிறாள். கண்ணாடியைக் காட்டும்வரை கையை இறக்கமாட்டார்கள்.

போனை வைத்துவிட்டு, சிஸ்டம்காரர் அடுத்து என்றைக்கு வருவார் என்று விசாரித்தாள்.

அவர் வந்த அன்று குளிர் அறைக்குப் போனாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

“தம்பி, பெரியவரை எப்படிப் படுக்கவைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.”

அந்த அறையில் விசிறிகளின் இரைச்சல் காதை அடைக்கும். ஆனாலும் அது அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.

அவரிடம் சோதனைக்கென்று வைத்திருந்த பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் அதே சாஃப்ட்வேரைப் போட்டு, தாடையைத் திறந்து கொடுத்தார். அவள் ஈறைக் கண்ணாடியாக்கி, குறுக்கே அறுத்து, ஜன்னலைச் சுருக்கினாள். படுத்தது. எழுப்பினார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி படுத்தது. மூன்றாம் முறை தானே செய்துபார்த்தார்.

“புரியுது,” என்றார் கடைசியில். “நீங்க ஜன்னலை ஒண்ணுமில்லாம சுருக்கறீங்க இல்லையா, அப்ப அதோட அகலம் பூஜ்யம். ‘பூஜ்யம் அகலத்துக்கு ஒரு படம் போட எடம் குடு’ன்னு உங்க கம்ப்யூட்டர் நடுவுல நிக்கிறவன்கிட்ட கேக்குது. அவன் ‘இது என்னடா கேள்வி’ன்னு திருப்பி அனுப்பியிருக்கணும். அனுப்பாம, பூஜ்யத்தால வகுக்கப் போயி மயக்கம் போட்டு விழறான். அவன் விழுந்தா எல்லார் அடுப்பும் அவுட்டு.”

“அப்ப என் கம்ப்யூட்டர் விழுந்தா பரவால்ல. அவன் விழக்கூடாது.”

“அதேதான். ஆனா இது நம்ம பட்டறையோட போற விஷயம் இல்லக்கா. இதே சாஃப்ட்வேரை வெச்சு மிஷினை வாடகைக்கு விடற எடம் நெறைய இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க ஒரே கார்டைப் பங்கு போட்டுக்கறாங்க. அதுல ஒருத்தன் வேணும்னே இதைப் பண்ணான்னா? யாரோட ஃபைலையும் அவனால பாக்க முடியாது, எடுக்க முடியாது. நிறுத்த மட்டும் முடியும். அதுவே பாதுகாப்பு ஓட்டைதான்.” கொஞ்சம் தயங்கினார். “எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?”

“கொஞ்ச நாளாச்சு.”

“அதுக்கப்புறமும் விழுந்துதே?”

“மூணு தடவை. நான் தெரிஞ்சே பண்ணது.”

அவர் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில், “நான் ஏ.சி.யைக் கழட்டிக் கழுவினேன்க்கா,” என்றார். அதில் இருந்த வருத்தம் திட்டைவிட அதிகமாக உறைத்தது.

ஓட்டை அடைபடும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். மேனேஜரிடம், கோளாறு சாஃப்ட்வேரில், அக்காவிடம் இல்லை என்று மட்டும் தெரிவித்தார். எல்லோரையும் ஜன்னலைச் சுருக்காமல் மூடச் சொல்லும்படி ஒரு தாளை ஒட்டினார். கடவாக்கா ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் அழுத்தி மூடக் கற்றுக்கொண்டாள்.

முன்பல்காரரிடம் மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. எப்படி என்று சொல்லாமல், அந்த ஆறு பல் போனது தன்னால்தான், தெரிந்தேதான் என்று சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஸ்க்ரீனுக்குத் திரும்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அடுத்த சில வாரங்களும் பேசவில்லை. டீ கொண்டுபோய் வைத்தால் குடிப்பார். கோப்பை காலியாகத் திரும்பி வரும், அவ்வளவுதான்.

சிஸ்டம்காரர் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனிக்கு எழுதினார். ‘நாங்கள் செய்து பார்த்தோம், எங்களுக்கு விழவில்லை’ என்று பதில் வந்தது. அவர் மறுபடி எழுதினார். சரி, கண்டுபிடித்தவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வீடியோ அழைப்புக்கு நாள் குறித்தார்கள். தங்கள் இயந்திரத்தையே அவள் இங்கிருந்து தொடும்படி திறந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கம் மூன்று பேர். முகங்களில் மரியாதையும் அவநம்பிக்கையும் சரிபாதி.

“சொல்லுங்க மேடம். என்ன பண்ணுவீங்க?”

“மொதல்ல ஈறைக் கண்ணாடியாக்குவேன்...”

“மன்னிக்கணும், கொஞ்சம் சத்தமா?”

“ஈறைக் கண்ணாடியாக்கி, அப்புறம்...”

“மேடம், மைக் சரியா இருக்கான்னு பாருங்க. கேக்கலே.”

சிஸ்டம்காரர் மைக்கை அவள் வாய்க்குள்ளேயே வைத்துவிடுவார் போலிருந்தது. கடவாக்கா பெருமூச்சுவிட்டு, பேச்சை விட்டுவிட்டு மவுஸைப் பிடித்தாள். ஈறு கண்ணாடியானது. தாடை அறுபட்டது. ஜன்னல் ஒடுங்கியது. அந்தப் பக்கம் மூன்று முகமும் குனிந்து பார்த்தன. நடுவில் இருந்தவர், “நாங்க மூடிட்டுல்ல பாத்தோம், இவங்க சுருக்...” என்றார். அதற்குள் அவர்கள் இயந்திரம் உறைந்துபோனது. தூரத்தில் ஒரு கதவு திறந்து, “யாருப்பா அது? எங்க டீமுக்கு மொத்தமா போயிடுச்சு!” என்று யாரோ கத்துவது இங்கேவரை கேட்டது. சோதனை இயந்திரத்தை இன்னொரு பிரிவும் பங்குபோட்டிருந்ததாம்.

“கேட்டுச்சு மேடம்,” என்றார் நடுவில் இருந்தவர்.

சிஸ்டம்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் குனிந்து விழுந்த பேனாவைத் தேடினார். பேனா ஒன்றும் விழவில்லை.

திருத்தம் தயாராகிப் பெரியவருக்கும் போட்ட பிறகு, கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே வரி: பகிர்ந்துகொள்ளும் பயனர்களில் ஒருவர் அகலமற்ற படப்பரப்பைக் கேட்பதன்மூலம் மற்ற எல்லோரின் சேவையையும் நிறுத்தக்கூடும், திருத்தத்தை நிறுவவும். ஆபத்தின் அளவு: நடுத்தரம். அடியில் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்ல ஓரிடம் விட்டு, என்ன பெயர் போடட்டும் என்று கேட்டிருந்தார்கள். புருஷனுக்கு அவள் பெயரைப் பார்க்க ஆசை. பட்டறையின் பெயரைப் போடலாமே என்றார் மேனேஜர்.

“வேணாம் தம்பி,” என்றாள் சிஸ்டம்காரரிடம். “மூணு தடவை நிறுத்தினவளுக்கு நன்றி எதுக்கு? ஏ.சி. கழுவினவர் பேரைப் போடுங்க.” அப்படியே போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் வேலை மொத்தமாக வந்து இறங்கியது. மறுபடி எட்டு மணி வரை என்றார் மேனேஜர். கைக்குழந்தைக்காரி போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனாள். கடவாக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது ஜன்னலைச் சுருக்கினால் அந்த ஜன்னல் மட்டும் மறைந்துபோகும். பெரியவர் இமைகூடக் கொட்டமாட்டார். அவள் செய்தும் பார்த்திருந்தாள்.

எழுந்தாள். அறை நடுவிலேயே நின்றிருந்த மேனேஜருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் போனில் இருந்தார், கையை உயர்த்தினார். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் போனை இறக்கினார்.

“சார், எல்லாரும் எட்டு மணி வரைக்கும் இருக்க முடியாது. முறை வெச்சுக்கலாம்.”

“என்ன?”

“முறை வெச்சுக்கலாம். கைக்குழந்தை இருக்கிறவங்க ஆறு மணிக்குப் போகட்டும். மத்தவங்க மாத்தி மாத்தி இருக்கோம்.” குரலை அவள் உயர்த்தவில்லை. முதலில் சொன்னதைவிட மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஒண்ணும் கேக்கலேம்மா. அப்புறம் பேசலாம்.”

“எனக்கு இங்க வரைக்கும் கேக்குது சார்,” என்றது அறையின் மறுகோடியிலிருந்து ஒரு குரல். முன்பல்காரர். ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முறை வெச்சுக்கலாம்ங்கறாங்க. எனக்கும் சரின்னு படுது.”

விசைப்பலகைகளின் சத்தம் நின்றது. மேசைகளில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, போனைப் பக்கத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“சரி, உக்காருங்க. யார் யார் எந்த நாளுன்னு சொல்லுங்க.”

பேசி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. எட்டு மணி என்பது ஏழாக இறங்கியது. சிலருக்கு அதுவும் பிடிக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அன்றைய முறையில் கடவாக்காவும் முன்பல்காரரும் வேறு இருவரும் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் கடவாக்காவின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

கீழே பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று புறப்பட்டன. முன்பல்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் மேசைப் பக்கம் வந்தார்.

“எனக்கு ஒரு கடவாப்பல்லு மாட்டிக்கிச்சு. மேல இருக்கிற பல்லோட சேரவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். பல்லின் உள்பக்க மேடு ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தது. எங்கே என்று விரலால் காட்டினாள். அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன.